பதினொரு நொடி

ஜனவரியில் அலை துறைமுகச் சுவரைத் தாண்டும் வாரம்
பெனிஷேயில் ஒரு படகும் வெளியே போகாது.
தீயணைப்புத் தொண்டர் மன்றத்தில்
வண்டிகளைத் தெருவில் நிறுத்திவிட்டு
அந்தப் படத்தைப் போடுவார்கள்.
வருடா வருடம் அதே படம்.
எங்கள் ஊரில் எடுத்தது அது ஒன்றுதான்.

ஒரு படகுத் தலைவன், மூன்று புயல், ஒரு துரோகம்.
இரண்டாம் புயலுக்கும் மூன்றாம் புயலுக்கும் நடுவே
யாரோ ஒரு ரீலைத் தொலைத்துவிட்ட மாதிரி
துரோகி திடீரென்று மன்னிக்கப்பட்டிருப்பான்.
அதுகூடப் பரவாயில்லை.

நாயகன் லிஸ்பன்காரன்,
பற்பசை விளம்பரத்தில் சிரித்துப் பேர் வாங்கியவன்.
நாற்பது வருடம் கடலில் கிடந்தவனாம்,
கழுத்தில் ஒரு வெயில் கோடு கிடையாது.
படகில் ஏறும்போது
பேருந்தில் ஏறுகிறவன்போலக் கம்பியைத் தேடுகிறான்.
"கடலே, நீயா நானா?" என்று அவன் முழங்கும் இடத்தில்
"கடல்தான்!" என்று பின்வரிசை மொத்தமும் பதில் சொல்லும்.
ஒருமுறை நடுவில் சங்கு ஊதி
பாதிக் கூட்டம் நெருப்பணைக்க ஓடியது.
நனைந்து திரும்பி வந்தபோதும்
அவன் அதே முகத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

ஆனால் மற்றவர்கள்!
சாராயக்கடைக்காரியாக வரும் அம்மாள்
கடனைக் கேட்டு வாயே திறப்பதில்லை,
ஒரு குவளையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்,
துடைக்கத் துடைக்க
நமக்கு நம் பாக்கி ஞாபகம் வருகிறது.
பாதிரியார் பாவசங்கீர்த்தனம் கேட்டபடி
ஆரஞ்சு உரிக்கிறார், தோல் அறுபடாமல்.
சுங்க அதிகாரிக்கு மூன்றே காட்சி.
மூன்றிலும் குனிந்து
காலணியில் செதில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.
சுங்கக்காரன் செத்ததற்கு இந்த ஊர் அழுதது
அந்த ஒரு தடவைதான்.

மாப்பிள்ளை சரியில்லாத கல்யாணம்,
பந்தியில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது.

டிக்கெட் கிழிப்பது நான்.
உப்புப் பயறுப் பொட்டலமும் என் பொறுப்பு.
இருபத்தாறு தடவை பார்த்திருக்கிறேன், நின்றபடி.

நாயகனுக்கு முடிச்சுப் போட வரவில்லை.
இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார்கள்,
கயிறுதான் களைத்துப் போனது.
மூன்றாம் நாள் இயக்குநர் மேடைக்கு வந்து
மீன் வாங்குகிறவர்போல
எல்லோர் கைகளையும் புரட்டிப் பார்த்தார்.
பெலார்மினோவுடையதை எடுத்துக்கொண்டார்.
கூலி: இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.

மூன்றாம் புயலில் திரை முழுக்க அந்தக் கைகள்.
கறுத்து, அகன்று,
இழுவைச் சக்கரம் தின்ற மோதிர விரல் நுனி இல்லாமல்.
கயிறு சுற்றுகிறது, நுழைகிறது, இறுகுகிறது.
அடுத்த காட்சியில் வெளுத்த கை, பத்து விரல்.
"விரல் முளைச்சிருச்சு!" என்று பிள்ளைகள் கத்தும்.
மன்றமே சிரித்துக் குலுங்கும்.

பெலார்மினோவைக் கடல் கொண்டுபோகவில்லை.
சிறுநீரகம்.
அந்த விரலுக்குக் கூச்சப்பட்டு
எல்லாப் புகைப்படத்திலும் கையைப் பைக்குள் விட்டிருக்கிறார்,
கல்யாணப் படத்தில்கூட.
தியோலிந்தா மூன்றாம் புயலுக்குச் சரியாக வருவாள்.
முழு டிக்கெட் வாங்குவாள், பாதி விலை என்றால் கோபம் வரும்.
நான்காம் வரிசை, ஓரம்.
பதினொரு நொடி.
எழுந்து போய்விடுவாள்.

போன வருடம் வெளியே மழை விடவில்லை.
அவள் கூடத்தில் குடையோடு நின்றிருந்தாள்.
உள்ளே, கோயிம்ப்ராவிலிருந்து வந்த புது வாத்தியார்
படம் முடிந்ததும் எழுந்து சொன்னார்:
"அந்தச் சுங்க அதிகாரியையே நாயகனாகப் போட்டிருந்தால்
எங்கேயோ போயிருக்கும்."
எல்லோரும் தலையாட்டினார்கள்.
சரிதான்.
அந்த மனிதர் வலைக்காரர் பிள்ளை,
ஏழு விதமாக முடிச்சுப் போடுவாராம், கண்ணை மூடிக்கொண்டு.

அவர் நடித்திருந்தால்
வேறு கை தேவைப்பட்டிருக்காது.

இதை நான் வாத்தியாரிடம் சொல்லவில்லை.
விளக்கைப் போட்டேன்.
நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள்.
கதவருகே, சுவரொட்டியில்
அவன் முப்பத்திரண்டு பல்லும் காட்டிக்கொண்டிருந்தான்,
ஈரத்தில் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது.
தியோலிந்தா போகிற போக்கில் நின்று
அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.
ஒட்டவில்லை.
இன்னொரு தடவை அழுத்தினாள்.